அஞ்சடிச் சண்டையை விளம்பரப் பக்கத்தில் தேடுவது

சிங்கப்பூரின் 19-ஆம் நூற்றாண்டு வணிகத்தையும், அஞ்சடி என்ற கடைமுன் நடைபாதைக்காக நடந்த சண்டை போன்ற ஊர் அரசியலையும் பழைய நாளிதழ்களிலிருந்து திரட்ட வருபவர்கள் பலரும் தலையங்கத்தில் தொடங்குகிறார்கள். நாங்கள் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவோம். முதலில் விளம்பரங்களும் அறிவிப்புகளும், அடுத்து கப்பல் பட்டியல், அதன்பின் நகராட்சிக் கூட்ட நடவடிக்கைகள் என்பதே எங்கள் வரிசை. தலையங்கத்தை எழுதியவர்களும் வாசித்தவர்களும் ஐரோப்பிய வணிகர்கள். அங்கே சீனரும் தமிழரும் பெயரில்லாத கூட்டமாகத்தான் வருவார்கள். அறிவிப்புகளில் அதே ஆட்கள் பெயரோடும் தெருவோடும் தொகையோடும் வருகிறார்கள்.

இதழ்களின் காலம் தெரிந்திருக்க வேண்டும். சிங்கப்பூர் குரோனிக்கிள் 1824 முதல் 1837 வரை. ஃப்ரீ பிரஸ் 1835-இல் தொடங்கியது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 ஜூலை 15-இல் வந்து, 1858-இல்தான் நாளிதழானது. அதற்கு முந்தைய ஒரு நிகழ்ச்சியை அது நடந்த தேதியில் மட்டும் தேடினால் அகப்படாது. பத்து நாள் தள்ளியும் பார்க்க வேண்டும். தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் சொல் தேடல் இருக்கிறது, கட்டணம் இல்லை. ஆனால் இயந்திரம் படித்த எழுத்தை நம்பிவிடக் கூடாது. செட்டியாரை அக்காலத்து ஆங்கில அச்சு 'சிட்டி' என்று எழுதும். மை மங்கிய இடத்தில் அதன் இரண்டு 'டி' எழுத்தும் இரண்டு 'எல்' ஆகி, தேடலில் 'சில்லி' என்று பதிவாகியிருக்கும். தமிழ் முஸ்லிம்களுக்குச் 'சூலியா', தென்னிந்தியர் எல்லாருக்கும் பொதுவாக 'கிளிங்'. இந்தக் கடைசிச் சொல் இன்று வசவு; ஆனாலும் தேடல் பெட்டியில் அதைப் போடாமல் பாதிச் செய்திகள் கிடைக்காது.

பெயர்களில்தான் அதிக நேரம் போகும். நகரத்தார் (செட்டியார்) கடைகள் விலாசத்தால், அதாவது முதலெழுத்துகள் சேர்ந்த கடைப்பெயரால், அறியப்பட்டவை. மு. க. என்ற விலாசம் ஒரு இதழில் ஆங்கில முதலெழுத்துகளாகவும், இன்னொன்றில் 'மூனா கானா' என்று முழுச் சொல்லாகவும் அச்சாகும். 'ஆவன்னா', 'சீனா', 'பானா' என்று மற்ற எழுத்துகளும் இப்படியே. இன்னொரு சிக்கல், கடையை நடத்தும் முகவர் கணக்கு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார். வேறொருவர் பெட்டியடியில் வந்து உட்காருவார். ஆளின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் கடை மூடிவிட்டதாகத் தோன்றும். விலாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் (செட்டியார் கடைகள் இருந்த கட்டடம்) அதே கடை தொடர்வது தெரியும். இந்த மாற்றத்தைக் காட்டுவது, இன்னாருக்குக் கொடுத்த முகவர் அதிகாரம் ரத்து என்று முதலாளி தரப்பில் வரும் நாலு வரி அறிவிப்பு. அதைப் பார்த்ததும் தேதியையும் பழைய, புதிய பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையின் வரலாறு முழுவதையும் அதிலிருந்தே கோத்துவிடலாம்.

கடைச் சீட்டுகளில் தமிழ் வருடம் இருந்தால் சித்திரையில் ஆண்டு மாறுவதை மறக்கக் கூடாது. 1857 ஜனவரி என்பது 1856 சித்திரையில் பிறந்த நள வருடம்.

எடை: 16 தாகில் ஒரு காத்தி, 100 காத்தி ஒரு பிக்கல், 40 பிக்கல் ஒரு கோயான். ஒரு பிக்கல் 133⅓ பவுண்டு, அதாவது சுமார் 60 கிலோ. மிளகும் கேம்பியரும் (தோல் பதனிட உதவும் செடிச்சாறு) பிக்கல் கணக்கில் விலை போகும். பணம்தான் ஆளைக் கவிழ்ப்பது. வணிகர்கள் ஸ்பானிய டாலரிலும் பின்னர் மெக்சிகோ டாலரிலும் கணக்கு வைத்தார்கள்; கல்கத்தாவுக்குக் கட்டுப்பட்ட அரசாங்கம் ரூபாயில் வைத்தது. ஒரு டாலர் சுமார் இரண்டேகால் ரூபாய். எந்த நாணயம் என்று பார்க்காமல் குத்தகைத் தொகையை எடுத்தெழுதினால் வருமானம் இரட்டிப்புக்கு மேல் ஏறிவிடும். இந்த இரட்டைக் கணக்கே ஊர் அரசியலாகவும் வெடித்தது. 1855-இல் ரூபாயையும் செம்புக்காசையும் புகுத்த முயன்றபோது வணிகர்கள் கொதித்தார்கள். 1857-இல் இந்திய ஆட்சியிலிருந்து பிரித்துவிடும்படி லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு போனது. 1867 ஏப்ரல் 1-இல் பிரிவினை நடந்தது.

சுங்கவரி இல்லாத துறைமுகம் என்பதால் அரசுக்குப் பணம் வந்த முக்கிய வழி குத்தகை. அபினும் சாராயமும் விற்கும் உரிமை, அடகுக்கடை நடத்தும் உரிமை எல்லாம் ஏலம் போயின. அபின் ஒன்றே வருமானத்தில் பாதிக்கு அருகில் வந்தது. ஏல அறிவிப்புகளைத் தனிக் கோப்பாக வையுங்கள். ஊரில் செல்வாக்கு யார் கைக்கு மாறுகிறது என்பது அங்கேதான் முதலில் தெரியும்.

இனி அஞ்சடிக்கு வருவோம். கடைவீட்டு முன்பக்கம் கூரையுள்ள நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் 1822-இல் நகரக் குழுவுக்கு விதித்தார். ஆனால் மனை வாங்கியவரின் நிலத்துக்குள்ளேயே அந்தத் துண்டும் அடங்கியது. என் நிலம், என் சரக்கை வைக்கிறேன், தள்ளுவண்டிக்காரனுக்கு வாடகைக்கும் விடுகிறேன் என்றார் கடைக்காரர். பொதுவழி என்றது நகராட்சி. புதிய காவல், நகராட்சிச் சட்டங்கள் நடப்புக்கு வந்த மறுநாள், 1857 ஜனவரி 2 அன்று, சீனக் கடைகள் எல்லாம் எதிர்ப்பாக அடைபட்டன. 1887-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் அஞ்சடியைக் காலி செய்யும் அதிகாரத்தை வலுவாக்கியது. அதைக் கொண்டு நகராட்சித் தலைவர் ரோவெல் இறங்கியபோது, 1888 பிப்ரவரியில் கடையடைப்பும் கல்லெறியும் நடந்தன. பிறகு பிடி தளர்ந்து, ஆள் நடக்க வழி விட்டால் போதும் என்ற இடத்துக்கு வந்தார்கள்.

இதைத் தேடும்போது, அஞ்சடியைக் குறிக்கும் 'வெராண்டா' என்ற ஆங்கிலச் சொல்லைக் கடைசி 'ஹெச்' உடனும் இல்லாமலும் இருமுறை போடுங்கள். ஐந்தடி வழி, ஐந்தடிப் பாதை இரண்டின் ஆங்கிலச் சொற்களையும் இணைப்புக்கோடு வைத்தும் விட்டும் தேடுங்கள். கூட்ட நடவடிக்கையில் யார் எதற்கு வாக்களித்தார் என்று எடுத்ததும், அவர் எந்தத் தெருவில் கடையோ வீடோ வைத்திருந்தார் என்பதை அறிவிப்புப் பக்கத்தில் பாருங்கள். பல பேச்சுகளின் காரணம் அப்போதுதான் விளங்கும். வீட்டு எண்ணை மட்டும் நம்பி இடத்தை உறுதிசெய்யாதீர்கள். எண்கள் பின்னால் மாறியிருக்கலாம். பக்கத்துக் கடை, எதிர்த்தெரு, முச்சந்தி என்று இரண்டு அடையாளமாவது சேர வேண்டும்.

ஆங்கில இதழோடு நிறுத்தாதீர்கள். மகுதூம் சாயபு நடத்திய தமிழ் இதழான சிங்கை நேசன் 1887 ஜூன் 27-இல் தொடங்கியது. அது திங்கட்கிழமை வார இதழ். கலவரத்துக்கு 1888 பிப்ரவரி 20, 27, மார்ச் 5 ஆகிய மூன்று இதழ்களைக் கேளுங்கள். தமிழ்த் தேதியில் அது சர்வசித்து வருடம் மாசி மாதம்.