தாளச் சத்தம் திரும்பக் கிடைத்தது

மூன்று வாரமாக மல்லுக்கட்டிய சி-90 (90 நிமிட) கேசட் நேற்று ராத்திரி ஒருவழியாக வாயைத் திறந்தது! 1986இல் அக்கா கல்யாணத்தில் மாமா மோனோ டேப் ரெக்கார்டரில் பிடித்த நாதஸ்வரம். கணினியில் ஏற்றினால் கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பது போலவே வந்தது. டெக்கின் பெல்ட்டை மாற்றி, டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்து, அதில் ஏறிய காந்தத்தையும் எடுத்தாயிற்று. பலனில்லை. ‘அனலாக் என்றாலே இந்த மென்மைதான்’ என்றார் நண்பர். பந்தலில் உட்கார்ந்து கேட்டவன் நான், எப்படி ஒப்புக்கொள்வேன்?

கோளாறு அஸிமத்தில், அதாவது டேப்புக்குக் குறுக்கே ஹெட் நிற்கிற கோணத்தில். கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு டேப்பில் கிடைக்கிற இடம் 4.76 மைக்ரான்தான். ஹெட் துளி சாய்ந்தாலும் ட்ரெபிள், அதாவது மேல் ஸ்தாயி ஒலி, போய்விடும். என் டெக்கை டெஸ்ட் டேப் போட்டு அச்சாகச் சரிசெய்திருந்தேன். மாமாவின் ரெக்கார்டர் சாய்ந்திருந்திருக்கிறது. டேப் எப்படிப் பதிவானதோ அப்படித்தான் ஹெட்டும் சாய வேண்டும்.

மோனோ பதிவு என்பதால் இடது, வலது இரண்டிலும் ஒரே ஒலிதான். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டே ஹெட்டின் சாய்வை மாற்றும் ஸ்க்ரூவைத் திருப்பினேன். சாய்வு இருந்தால் இரண்டு பக்கமும் முன்பின்னாக வந்து மேல் ஸ்தாயியை ஒன்றையொன்று தின்றுவிடும். அரைக்கால் சுற்றுகூட இல்லை, சட்டென்று தாளம் ‘ணிங்’ என்றது. அப்புறம் தவில் வலந்தலையில் விரல்கூடு படுகிற ‘டக்’. கை நடுங்கிவிட்டது.

ஸ்க்ரூவின் பழைய நிலையை முதலிலேயே நகப்பூச்சால் குறித்துவிடுங்கள். பெல்ட் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், கண்ணளவில் வாங்கி இரண்டு பெல்ட் வீணாயிற்று.

கணினியில் பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். உச்சத்தை மைனஸ் 10 டெசிபலில் நிறுத்தினேன். டேப் கொஞ்சம் மீறினாலும் தாங்கும். டிஜிட்டலில் பூஜ்யத்தைத் தாண்டினால் அலையின் தலையே வெட்டுப்படும். ஒலியளவைச் சமமாக்கி, டெக்கில் ஓடும் டேப்பையும் கணினிக் கோப்பையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன் மகளிடம். கண்ணை மூடிக்கொண்டு 12 தடவை கேட்டதில் சரியாகச் சொன்னது 5. இரைச்சல் உட்பட டேப்பில் உள்ளதெல்லாம் கோப்பிலும் இருக்கிறது. நண்பர் சொன்ன மென்மை அனலாக்கின் குணமில்லை, ஹெட்டின் சாய்வு.

அடுத்து எல்.பி. இசைத்தட்டுகள், புது ஊசி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்தக் கேசட்டின் பி பக்கம் இன்னும் பாக்கி. அதற்குச் சாய்வு வேறாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஸ்க்ரூவைத் தொட வேண்டும்.