நிலாவெளி வீதியில் ஒரு சித்தப்பா

திருகோணமலையில் சுற்றுலா வழிகாட்டியாக இருப்பவனுக்குக் கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீரூற்றும் புறாத்தீவுமே அன்றாடப் பிழைப்பு. நிலாவெளி வீதியோரம் உள்ள இரண்டாம் உலகப் போர்க் கல்லறைக்குப் போக வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் மிகச் சிலர். ஆனால் அந்தச் சிலருக்காக நான் செய்யும் ஆயத்தம் மற்றவர்களுக்குச் செய்வதைவிட அதிகம். இறந்தவரின் பெயர், படைப்பிரிவு, பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் பதிவேட்டில் உள்ள பகுதி, வரிசை, கல்லறை எண் ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு, முதல் நாள் தனியே போய் இடத்தைப் பார்த்து வைத்துவிடுவேன். பல ஆயிரம் மைல் கடந்து வந்த ஒருவரை வெயிலில் வரிசை வரிசையாகத் தேட விடுவது மரியாதையல்ல. அழைத்துச் செல்வதற்கு அதிகாலையே ஏற்றது. உச்சி வெயிலில் எழுத்துகள் கல்லோடு கல்லாக மங்கிவிடும். சரிந்து விழும் காலை வெளிச்சத்தில்தான் அவை நிழல் பிடித்து எழுந்து தெரியும்.

போரின் கதையை வண்டிக்குள்ளேயே சொல்லி முடித்துவிடுவது என் வழக்கம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்கள், 9ஆம் திகதி காலை திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அதே 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டு, அதிலிருந்த 307 பேர் மாண்டார்கள். துறைமுகத்தில் எரிந்துபோன சகாயிங் என்ற சரக்குக் கப்பலின் உடலை 2018இல்தான் நமது கடற்படை மேலே கொண்டுவந்தது. இவ்வளவும் கல்லறையை அடைவதற்குள் சொல்லிவிடலாம். கல்லின் அருகே நின்று சரித்திரம் ஒப்புவிக்கும் வழிகாட்டிகளோடு எனக்கு உடன்பாடில்லை.

வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இவரை ஏன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை? முதலாம் உலகப் போரின்போது 1917இல் அமைக்கப்பட்ட அந்தப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு, இறந்தவர்கள் விழுந்த நாட்டிலேயே அடக்கப்பட வேண்டும் என்றும், அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே விதமான கல்லே வைக்கப்பட வேண்டும் என்றும் முடிவுசெய்தது. பணமுள்ள வீட்டின் பிள்ளை மட்டும் ஊர் திரும்பவும், ஏழையின் பிள்ளை அந்நிய மண்ணில் கிடக்கவும் கூடாது என்பது அதன் நியாயம். நியாயமான ஏற்பாடுதான், ஆனால் பிள்ளையைக் கொடுத்தவர்களுக்கு அது கசந்தது. கல்லுக்குப் பதிலாகச் சிலுவை வைக்கும் உரிமையாவது வேண்டும் என்று 1919இல் 8,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனுவொன்று பிரித்தானிய இளவரசரிடம் கையளிக்கப்பட்டது. அது ஏற்கப்படவில்லை. குடும்பத்தாருக்கென்று விடப்பட்டது கல்லின் அடியில் ஒரு சிறு இடம் மட்டுமே. முதல் போருக்குப் பின் அதற்கு இடைவெளிகளையும் சேர்த்து 66 எழுத்துகள் என்று அளவு வைத்தார்கள். தொடக்கத்தில் எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கட்டணமும் கேட்டார்கள். குடும்பம் தன் வரியைத் தெரிவுசெய்யும் வழக்கம் இரண்டாம் போரிலும் தொடர்ந்தது. பெரும்பாலானவை வேதாகம வரிகளாகவோ தேசத்தைப் பற்றிய வரிகளாகவோ இருக்கும். அவற்றில் பல எனக்கு மனப்பாடமாகியும் மனதில் தங்கவில்லை. யாரோ ஒரு தாய் குசினி மேசையில் உட்கார்ந்து எழுத்தெண்ணி எழுதினாள் என்று தெரிகிற வரிகள்தான் தங்கியிருக்கின்றன.

அப்படியொரு வரியைத் தேடித்தான் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் இங்கிலாந்திலிருந்து வந்தார். விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் இருந்து, அந்த ஏப்ரல் காலையில் இருபது வயதில் இறந்த இளைஞர் அவருடைய தகப்பனாரின் தம்பி. சீருடையில் காது இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு படமும், இறப்புச் செய்தி வந்த பின்னர் பெறுநர் இல்லையென்று திரும்பி வந்த கடிதமொன்றும் அவருடைய கைப்பையில் இருந்தன. கல்லின் அடியில் இருந்த வரியின் பொருள், வீட்டில் எல்லோரும் சுகம் என்பதாகும். மகனுக்கு எழுதிய எல்லாக் கடிதங்களையும் அவருடைய அப்பம்மா அப்படித்தான் முடித்தாராம். வீட்டு ஆண்கள் வேதாகம வரி வேண்டும் என்று சொல்லியும் அந்தக் கிழவி அசையவில்லையாம். இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய நமக்கு, அதில் முதற்பாதி மட்டும் கல்லில் நிற்பதன் கனத்தை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அப்பம்மா கடைசிவரை இங்கு வரவில்லை. கல்லின் புகைப்படம் ஒன்றை மட்டும் வைத்திருந்து பேரப்பிள்ளைகளுக்குக் காட்டி, அவனுக்கு மாம்பழம் கிடைத்ததென்று எழுதியிருந்தான், நுளம்பு தாங்கவில்லை என்று எழுதியிருந்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அம்மையார் கல்லைத் தடவிக்கொண்டு அழுதபோது, வண்டி ஓட்டி வந்த தம்பி என் அருகே வந்து மெதுவாகக் கேட்டான்.

"அண்ணை, அவ இவரைக் கண்டதே இல்லையா?"

"இல்லை. இவர் செத்து எட்டு வருசத்துக்குப் பிறகுதான் அவ பிறந்தவ."

"அப்ப என்னத்தை நினைச்சு அழுறா?"

"அப்பம்மா சொன்னதை."

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எண்ட மகளும் அப்பிடித்தான் அண்ணை. பிறந்த நாளுக்குக் கேக் வெட்டினால் முதல் துண்டு பெரியப்பாட படத்துக்குத்தான் வைப்பாள். அவள் பிறக்கக்குள்ள அவன் செத்துக் கனகாலம்," என்றான்.

அவனுடைய அண்ணன் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து இறந்தவர். போனால் தொட்டுப் பார்க்க அவருக்கு ஒரு கல் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் இயக்கத்தில் இறந்தவர்களை அடக்கிய துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பின், அவர்களை நினைக்கும் நவம்பர் 27ஆம் நாளில் சம்பூர் ஆலங்குளம் போன்ற இடங்களில் விளக்கேற்றுவதற்கே தாய்மார் எத்தனையோ விசாரணைகளைக் கடக்க வேண்டியிருந்தது. பிரித்தானியர் தங்கள் போர் வீரர்களை நினைக்கும் நவம்பர் 11உம் அதே மாரி மாதத்தில்தான் வருகிறது. எதிரெதிரே நின்றவர்களின் வீடுகளிலும் நிலைமை வேறல்ல; கோயிலுக்கு வந்த சிங்களத் தகப்பன் ஒருவர், கிளிநொச்சியில் இறந்த மகனின் படத்தைத் தம் பணப்பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டியிருக்கிறார். போரின் நியாய அநியாயம் வேறு வழக்கு. அதை இந்தப் படங்களின் முன் வைத்து வாதிட எனக்கு விருப்பமில்லை. நேரில் அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பின்பும், கண்டிராத ஒருவனைச் சித்தப்பா என்றும் பெரியப்பா என்றும் முறை சொல்லி அழைக்கும் பிள்ளைகளிடத்தில் அவன் தொடர்ந்து இருக்கிறான் என்பதை மட்டும் இந்த வேலையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

புறப்படும் முன், ஒவ்வொரு ஏப்ரல் 9ஆம் திகதியும் கல்லில் ஒரு பூ வைக்க முடியுமா என்று அம்மையார் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தம்பி தலையாட்டிவிட்டான். காசு கொடுத்ததையும் அவன் வாங்கவில்லை. வருடப் பிறப்புக்கு முந்திய வாரம் என்பதால் அவனுக்கு ஓட்டம் அதிகம். ஆனாலும் மோட்டார் சைக்கிளில் மகளையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பூ வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறான். சென்ற முறை படத்தில் வரி தெரியவில்லை என்று அம்மையார் எழுதியிருந்தார். இனி ஏழு மணிக்கு முன் போகும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன்.