ஹெல்மெட்டைப் பார்த்ததும் நெருங்கி வரும் கார்கள்

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இருந்த இயன் வாக்கர் என்கிற போக்குவரத்து உளவியலாளர் 2006-இல் செய்த சோதனை ஒன்று. சைக்கிளில் தூரத்தை அளக்கும் சென்சாரைக் கட்டிக்கொண்டு சால்ஸ்பரி, பிரிஸ்டல் தெருக்களில் ஓட்டினார். சில நேரம் ஹெல்மெட்டோடு, சில நேரம் வெறுந்தலையோடு. முந்திப்போன 2,300-க்கும் மேற்பட்ட வண்டிகளின் கணக்கைப் பார்த்தால், ஹெல்மெட் போட்டிருந்தபோது சராசரியாக 8.5 செ.மீ. கூடுதல் நெருக்கமாகப் போயிருக்கிறார்கள்.

பெண் போலத் தெரிய நீளமான விக் வைத்தும் ஓட்டிப் பார்த்தாராம். அப்போது சுமார் 14 செ.மீ. அதிக இடம் கிடைத்திருக்கிறது. (ஆராய்ச்சிக்காக என்னவெல்லாம் செய்கிறார்கள்!) சோதனையின்போதே ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவரை இடித்தன. இரண்டு தடவையும் தலையில் ஹெல்மெட் இருந்தது.

ஹெல்மெட் போட்டவர் அனுபவசாலி, திடீரென வளைக்க மாட்டார் என்று ஓட்டுநர்கள் தாங்களாகவே நினைத்துக்கொள்வதுதான் காரணம் என்பது வாக்கரின் ஊகம். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் 2013-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதே தரவை மறுபடி அலசி, ஒரு மீட்டருக்குள் வரும் ஆபத்தான நெருக்கத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பில்லை என்றார்கள். வாக்கரின் சோதனையை வைத்து ஹெல்மெட்டே வேண்டாம் என்று கிளம்புகிறவர்களை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விழுந்தால் அடி வாங்குவது நம் தலைதானே.

அப்புறம் வாக்கர் குழு ஏழு விதமான உடைகளைச் சோதித்தது. 'போலீஸ்' என்ற சொல்லோடு, படம் பிடிக்கப்படுகிறது என்றும் எழுதிய சட்டைக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. எதைப் போட்டாலும், 1-2 சதவீத ஓட்டுநர்கள் 50 செ.மீ.க்குள்தான் உரசிப்போனார்கள்.