லேண்ட்ஸ்லைட்டா, அப்செட்டா? மூயெட் எழுதுபவர்களுக்குத் தேர்தல் ஆங்கிலம்

மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான மூயெட்டின் வாசிப்புத் தாளில் 75 நிமிடத்தில் 40 கேள்விகள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. அந்த அவசரத்தில் தேர்தல் கட்டுரை வந்தால், தெரிந்த சொல்லே காலை வாரிவிடும். 'லேண்ட்ஸ்லைட்' என்றால் கேமரன் மலை மண்சரிவு, 'ஹங்' என்றால் தூக்கு என்று மனம் ஓடும். பத்தியில் உள்ள எண்ணிக்கையை முதலில் பாருங்கள். பாதிப் பொருள் அங்கேயே இருக்கும்.

'லேண்ட்ஸ்லைட்' எதிரணியை மூடிவிடும் அளவுக்கான வெற்றி. 2004 மலேசியப் பொதுத் தேர்தலில் 219 தொகுதிகளில் தேசிய முன்னணிக் கூட்டணி 198 பிடித்ததே, அது. 2018-க்கும் இதே சொல்லைப் பலர் எழுதுகிறார்கள், பொருந்தாது. பெரும்பான்மைக்கு 112 தேவை, பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி பெற்றது 113. ஆட்சி மாறியது பெரிய செய்திதான், எண்ணிக்கை பெரிதல்ல. அதற்குச் சரியான சொல் 'அப்செட்'. இங்கே அது மனவருத்தம் இல்லை. அசைக்க முடியாது என்று நினைத்தவர் எதிர்பாராமல் தோற்பது.

பினாங்குக்காரர்களுக்கு 2008 நல்ல பாடம். 1969 முதல் முதலமைச்சர் பதவியை வைத்திருந்த கெராக்கான் கட்சி ஒரு சட்டமன்றத் தொகுதியிலும் வெல்லவில்லை: 'வைப்ட் அவுட்'. ஜனநாயக செயல் கட்சி (ஜசெக) போட்டியிட்ட 19 தொகுதிகளிலும் வென்றது: 'க்ளீன் ஸ்வீப்'.

அடுத்து, காலம். 'நெக் அண்ட் நெக்' குதிரைப் பந்தயத்துச் சொல். இரண்டு குதிரைகளும் கழுத்துக்குக் கழுத்து ஓடுகின்றன, பந்தயம் முடியவில்லை. முடிவு வந்தபின் அதைப் போட்டால் விடை தவறு. அப்போது 'பை எ விஸ்கர்'. பூனை மீசையின் ஒரு மயிர், நம்முடைய மயிரிழையேதான். 'டூ க்ளோஸ் டு கால்' என்பதில் 'கால்' தொலைபேசி அழைப்பு அல்ல, வென்றவரை அறிவிப்பது.

2022-இல் எந்தக் கூட்டணியும் 112-ஐ எட்டாததால் அமைந்தது 'ஹங் பார்லிமெண்ட்', அதாவது தொங்கு நாடாளுமன்றம். 30 இடங்களே வைத்திருந்த தேசிய முன்னணி 'கிங்மேக்கர்' ஆனது, அதாவது யார் ஆட்சி அமைப்பது என்பதை முடிவு செய்யும் தரப்பு.

எழுத்துத் தாளில் அதிகம் தவறுவது முன்னிடைச் சொல். 'பெரும்பான்மையுடன்' என்று தமிழில் யோசித்து 'வித் எ லேண்ட்ஸ்லைட்' என்று எழுதிவிடுகிறார்கள். 'பை எ லேண்ட்ஸ்லைட்', 'பை எ விஸ்கர்' என்பவையே சரி. வாக்கு எண்ணிக்கையைச் சொல்லும்போது மட்டும் 'வித் எ மெஜாரிட்டி ஆஃப்' வரலாம். 'பைட் த டஸ்ட்' நம் 'மண்ணைக் கவ்வினார்' போலவே இருப்பதால் கை தானாக எழுதும். வாசிப்பில் புரிந்தால் போதும். 250 சொல் கட்டுரைக்கு அது கொச்சை, 'லாஸ்ட்' (தோற்றார்) என்றே எழுதுங்கள்.