துளைக்குள் உலோகம்: உலர்த்தும் கட்டத்தைப் பற்றிச் சில குறிப்புகள்

சிலிக்கா, அலுமினா போன்ற நுண்துளைத் தாங்கிகளில் (உலோகத்தைச் சுமக்கும் திண்மத் தூள்களில்) உலோக உப்புக் கரைசலை ஊறவைத்து, உலர்த்திச் சுட்டு, உலோக நானோதுகள்களைப் பதித்து வினையூக்கி தயாரிப்பதை விவரிக்கும் கட்டுரைகளில், எந்த உப்பு, எத்தனை விழுக்காடு உலோகம் என்பவை துல்லியமாகத் தரப்படுகின்றன. ஊறவைத்த தாங்கியிலிருந்து நீரை எப்படி வெளியேற்றினார்கள் என்பதோ "உலர்த்திச் சுடப்பட்டது" என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிடுகிறது. துகளின் அளவு பெரும்பாலும் அந்த இரண்டு சொற்களுக்குள்தான் தீர்மானமாகிறது என்பது ஆய்வகத்தில் நான் உறுதியாக உணர்ந்த செய்தி. வினை நடப்பது துகளின் வெளிப்பரப்பில் உள்ள அணுக்களில்தான். 10 நானோமீட்டர் பிளாட்டினத் துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அணுக்களே வெளிப்பரப்பில் இருக்கின்றன. 2 நானோமீட்டர் துகளில் சுமார் பாதி. விலை உயர்ந்த உலோகத்தில் இந்த வேறுபாடு சிறியதன்று.

ஊறவைத்தல் எளிமையானது. எடை தெரிந்த தாங்கியில் நீரைத் துளித்துளியாகச் சேர்த்துக் கிளறினால், தூள் ஈரமாகத் தோன்றத் தொடங்கும் அளவே அதன் துளைகளின் கொள்ளளவு. அதே பருமனுள்ள உப்புக் கரைசலை நுண்புழை விசை தானாகவே உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் உள்ளே சென்ற அயனி சுவரில் ஒட்டியிருக்கிறதா, நீரில் மிதந்துகொண்டிருக்கிறதா என்பது வேறு கேள்வி. அலுமினாவின் பரப்பு பிஎச் 8 அளவில் மின்சுமையற்றும், அதற்குக் கீழே நேர்மின்சுமையோடும் இருப்பதால் எதிர்மின்சுமை கொண்ட குளோரோபிளாட்டினேட் என்ற பிளாட்டினம் அயனியைப் பிடித்துக்கொள்கிறது. சிலிக்காவின் பரப்பு மின்சுமையற்றிருக்கும் பிஎச் 2 முதல் 3 வரை, அதற்கு மேலே அது எதிர்மின்சுமை பெறும் என்பதால், அங்கே அம்மோனியா இணைந்த பிளாட்டினம் நேரயனியைக் காரக் கரைசலில் தர வேண்டும். கரைசல் குறைவாகவும் தாங்கியின் பரப்பு மிகுதியாகவும் இருக்கும்போது, தாங்கியே கரைசலின் பிஎச் மதிப்பைத் தன் பக்கம் இழுத்துவிடும். ஆகவே கலந்த பிறகு அளந்த மதிப்பையே நம்ப வேண்டும்.

சுவரில் ஒட்டாத அயனிகளின் கதி உலர்த்தும்போது வெளிப்படுகிறது. நீர் புறப்பரப்பில் ஆவியாக, உள்ளிருக்கும் கரைசல் நுண்புழைகளின் வழியே வெளிப்புறம் நகர்ந்து, உப்பையும் உடன் கொண்டுவந்து குவிப்பதால், உலோகம் முட்டை ஓடு போல விளிம்பில் மட்டும் தங்கிவிட நேரலாம். நைட்ரேட்டுக்குப் பதிலாகச் சிட்ரேட் உப்பைப் பயன்படுத்தினால், நீர் குறையக் குறையக் கரைசல் கெட்டியாகி இடம்பெயர முடியாமல் நின்றுவிடுகிறது. இந்த எளிய மாற்றத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நைட்ரேட்டுக்குச் சுடும் கட்டத்திலும் சிக்கல் உண்டு. சிலிக்காவில் உள்ள நிக்கல் நைட்ரேட்டைத் தேங்கிய காற்றில் சூடாக்கினால், சிதைவில் பிறக்கும் நைட்ரஜன் டைஆக்சைடும் நீராவியும் ஆக்சைடைப் பெரிய துகள்களாகத் திரளச் செய்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு கலந்த வாயுவை ஓடவிட்டுச் சுட்டால் துகள்கள் சில நானோமீட்டர் அளவிலேயே நிற்பதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். உப்பு அதுவே, தாங்கி அதுவே. மாறியது மேலே ஓடிய வாயு மட்டும். எனவே வாயுவின் ஓட்டவேகம், தூள் படுகையின் தடிமன், வெப்பநிலை ஏறிய வேகம் ஆகிய மூன்றையும் குறிக்காத செய்முறையை வேறொருவர் திரும்பச் செய்ய முடியும் என்று நான் நினைக்கவில்லை.

தங்கத்துக்கு ஊறவைத்தலே பொருந்துவதில்லை. தங்க நானோதுகள்கள் கார்பன் மோனாக்சைடை 0 பாகை செல்சியசுக்கும் வெகு கீழே ஆக்சிஜனேற்றம் செய்வதை 1987-இல் மசாதாகே ஹருதாவின் குழு அறிவித்தது. ஆனால் தங்கமும் குளோரினும் அடங்கிய குளோரோ ஆரிக் அமிலத்தில் தாங்கியை ஊறவைத்துச் சுட்டால், எஞ்சிய குளோரைடு துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பெருக்கிவிடுகிறது. அதனால் டைட்டானியா (டைட்டானியம் டைஆக்சைடு) தாங்கி கலந்த கரைசலைப் பிஎச் 7-க்கும் 10-க்கும் இடையே நிறுத்தி, தங்கத்தை ஹைட்ராக்சைடாகப் பரப்பில் படியவைத்து, குளோரைடு நீங்கும்வரை கழுவிய பின்னரே சுடுகிறார்கள். இந்த முறை சிலிக்காவில் பலிப்பதில்லை. அந்தப் பிஎச் எல்லையில் எதிர்மின்சுமை ஏறிய அதன் பரப்பு, தங்கத்தின் எதிரயனிகளை விலக்கித் தள்ளுகிறது.