சேர்ந்து பறந்த கொடிகள்

ஜனவரி 26 ஆஸ்திரேலியாவின் தேசிய தினம். 1788இல் பிரிட்டிஷ்காரர்கள் சிட்னியில் கொடி நட்ட நாள். பூர்வகுடிகளுக்கோ அது படையெடுப்பு நாள்.

2024 பேரணிகளில், நடுவே மஞ்சள் வட்டம் போட்ட அவர்களுடைய கறுப்பு சிவப்புக் கொடியோடு பாலஸ்தீனக் கொடியும் சேர்ந்தே பறந்தது. சிலர் முகம் சுளித்தார்கள். ‘இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?’

ஏன் இல்லை? யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று சொல்லித்தான் பூர்வகுடிகளின் மண்ணைப் பறித்தார்கள். பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்ற 1992 மாபோ வழக்குத் தீர்ப்பு வரை சட்டமே அந்தப் பொய்யைத் தாங்கி நின்றது. பாலஸ்தீனத்தையும் ஆளில்லாத பூமி என்றுதானே சொன்னார்கள்?

இன்னொன்றும் சொல்லணும். 1938இல் நாஜிகள் யூதர்களைத் தாக்கியபோது, வில்லியம் கூப்பர் என்ற பூர்வகுடிப் பெரியவர் மெல்போர்னிலிருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்குக் கண்டன மனுவோடு போனார். வாங்க மறுத்துவிட்டார்கள். தன் மக்களுக்கே சம உரிமை இல்லாத காலத்தில் அவர் அப்படிப் போய் நின்றார். இன்று காஸாவுக்காக நிற்பவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான்.