செட்டிபாளையத்தில் பழகிய கால் நொய்டாவில் தடுமாறிய கதை

டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் இருக்கும் புத் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்ற ரேஸ் டிராக்கில் முதல் முறையாக ரேஸ் ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 24 கார், இரண்டு ரேஸ், ஒன்றில் 19ஆவது, இன்னொன்றில் 15ஆவது. கிளம்பும்போது முதல் பத்துக்குள் வந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவன் நான்.

எனக்குத் தெரிந்த டிராக் என்றால் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே, அப்புறம் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. கரி 2.1 கிலோமீட்டர்தான், எங்கே பிரேக் மிதிக்க வேண்டும் என்பது கண்ணை விடக் காலுக்கு நன்றாகத் தெரியும். புத் 5.125 கிலோமீட்டர், 16 திருப்பம். 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் நடந்து மூன்று வருடமும் செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்த இடம். ஒரு மாதம் சிமுலேட்டரில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகத் திருப்பங்களைச் சொல்வேன்.

வியாழன் மாலை டிராக்கை நடந்து பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. முதல் திருப்பத்திலிருந்து மூன்றாவது வரைக்கும் ஏற்றம், கிட்டத்தட்ட 14 மீட்டர், நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ஒருவர் மட்டுமே உட்காரும் எங்கள் சிங்கிள் சீட்டர் ரேஸ் காரில் தரையோடு தரையாக உட்கார்ந்து அந்த மேட்டில் ஏறினால் திருப்பம் எங்கே முடிகிறது என்றே தெரியாது, வானம்தான் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல் அகலம். கரியில் டயர் சுவரும் புல்லும் பக்கத்திலேயே ஓடுவதால் வேகம் உடம்பில் தெரியும். இங்கே சுற்றிலும் அவ்வளவு வெட்டவெளி, முழு வேகத்தில் போனாலும் பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. வேகம் தெரியவில்லை என்றால் பிரேக் எப்படிச் சரியாகப் பிடிப்பது?

வெள்ளிக்கிழமை காலை பனிமூட்டம். கார்களைப் பராமரிக்கும் பிட் பகுதியின் சுவரில் நின்றால் எதிரில் இருக்கும் ஸ்டாண்ட் தெரியவில்லை. முதல் பிராக்டிஸ் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் பாதியாக வெட்டப்பட்டது. ஏற்கெனவே ஓட்டியவர்களுக்கு அது ஒன்றுமில்லை, எனக்கு அது சொத்தில் பாதி. மதியம் கிடைத்த லேப்களில் முன்னால் இருப்பவர்களை விட நாலரை வினாடி பின்னால் இருந்தேன். எங்கள் மெக்கானிக் அண்ணா டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, டயர் புதுசாட்டவே இருக்குதுங்க, நீங்க எங்கயும் அழுத்தவே இல்லை” என்றார். சுருக்கென்று இருந்தது, ஆனால் உண்மை.

ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் குவாலிஃபையிங்கில் நடந்தது என் முட்டாள்தனம். மாருதி 1300 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த நேர்பாதையில் தனியாகப் போனால் கதை ஆகாது, முன்னால் ஒரு கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அதனால் யாராவது வரட்டும் என்று மெதுவாகச் சுற்றினேன். எல்லோரும் அதையே செய்தார்கள். ஒருவழியாக ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்ட லேப்பில் சிவப்புக் கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கிரிட்டில், அதாவது ரேஸ் கிளம்பும் வரிசையில், 18ஆவது இடம்.

முதல் ரேஸில் ஸ்டார்ட் நன்றாக வந்தது. மூன்றாவது லேப்பில் நான்கு கார் கூட்டத்தின் வாலில் இருந்தேன், 14ஆவது இடம். மூன்றாவது திருப்பத்திலிருந்து நாலாவது வரை மூன்று கார் இழுத்துக்கொண்டு போகிறது, டாக்கோமீட்டர் முள் நான் அதுவரை பார்க்காத இடத்தில் நிற்கிறது, சந்தோஷத்தில் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தேன் என்றே நினைக்கிறேன். தனியாக ஓட்டும்போது பிரேக் மிதித்த அதே இடத்தில், திருப்பத்துக்கு 100 மீட்டர் என்று காட்டும் போர்டில் மிதித்தேன். வேகம் கூடியிருக்கிறது, முன்னால் போகும் கார்கள் மறைப்பதால் வேகத்தைத் தடுக்கும் காற்றும் இல்லை, அப்படியென்றால் முன்கூட்டியே மிதிக்க வேண்டும் என்பது எல்.கே.ஜி. பாடம். கரியில் இவ்வளவு நீளமான இழுவையே கிடையாது என்பதால் அந்தப் பாடம் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. முன் டயர் இரண்டும் லாக் ஆகிப் புகை. கார் நேராக டிராக்குக்கு வெளியே இருக்கும் ரன்-ஆஃப் வெட்டவெளிக்குள் போனது. எதிலும் மோதவில்லை, இடம்தான் தாராளமாக இருக்கிறதே. திரும்பி வரும்போது டயர் முழுக்கத் தூசி, அது உதிர்ந்து பிடி வருவதற்குள் கூட்டம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

இடது முன் டயரில் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து தட்டையாகிவிட்டது. விதிப்படி எனக்கு ஒதுக்கிய டயரில் நல்லது மிச்சமில்லை. அதையே பின்பக்கம் மாற்றி மாட்டிக்கொண்டு இரண்டாவது ரேஸ் ஓட்டினேன். முதுகில் யாரோ விடாமல் குத்துகிற மாதிரி அதிர்வு, கண்ணாடியில் பின்னால் வருவது காரா லாரியா என்று தெரியாது. சரி, பிடிக்க ஆள் இல்லை, தப்பிக்கவும் முடியாது என்று ஆனபின், 10, 11 என்று சாய்வாகப் போகும் அந்த நீண்ட வலது திருப்பத்தை மட்டும் லேப் லேப்பாகப் பழகிக்கொண்டேன். நடுவில் ஸ்டியரிங்கைத் திருத்தக் கூடாது, ஆரம்பத்திலேயே பொறுமையாக உள்ளே போனால் கார் தானாகச் சாய்வில் உட்காருகிறது.

முதல் முறை போகிறவர்கள் கடன் வாங்கியாவது முந்தின நாள் டிராக்கில் ஓட்டிப் பழகும் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டிவிடுங்கள். பனிக்காலம் என்றால் காலை நேரத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கார் லாரியில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஹெல்மெட் கேமரா வீடியோவை நேற்று ராத்திரி ஓட்டிப் பார்த்தேன். கடைசி லேப், பத்தாவது திருப்பம், அப்போதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை ஒரு நொடி எடுத்திருக்கிறேன்.